அத்தை எதற்குக் கிட்டார் வாங்கினாள்

ஒரு பொருள் மலிவாகக் கிடைத்தால் சந்தோஷப்படுகிற வீடுகளும் உலகத்தில் உண்டு என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மலிவாக வாங்கிவந்தால் முதலில் அதை முகர்ந்து பார்ப்போம். பிறகு தட்டிப் பார்ப்போம். அதற்கப்புறம் வாங்கிவந்தவரை ஏற இறங்கப் பார்ப்போம். அப்பா கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடுக்கிற கடை வைத்திருந்தார். ஒட்டுப்பால் என்பது ரப்பர் மரத்துச் சிரட்டையில் உறைந்து கிடக்கும் மிச்சப் பால். அதைத் திரட்டி உருண்டையாக்கி எடைக்குக் கொண்டுவருவார்கள். உருண்டைக்குள் ஒரு கல்லையும் வைத்துக் கொண்டுவருவார்கள். அப்பா ஒவ்வொன்றையும் கத்தியால் பிளந்து பார்த்துவிட்டுத்தான் தராசில் போடுவார். இப்படிப் பல வருடம் பிளந்ததில், எந்த மனிதரைப் பார்த்தாலும் உள்ளே எங்கோ ஒரு கல் இருக்கும் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. அம்மா இந்த விஷயத்தில் அவருக்குச் சளைத்தவள் இல்லை. நான் அவர்கள் இருவருக்கும் பிறந்தவள்.

அந்த வீட்டுக்குத்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அத்தை பேஸ் கிட்டாரோடு வந்து சேர்ந்தாள். அப்போது நான் ஆறாம் வகுப்பு.

அத்தை அப்பாவின் தங்கை. முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, ஒரு தனியார் தொழிற்பயிற்சிப் பள்ளியில் வயரிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வந்த வரன்களையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துவிடுவாள். ஒருவருக்குப் பேச்சு அதிகம்; இன்னொருவருக்குப் பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் ஆலயத்துக் கொயரில், அதாவது பாடகர் குழுவில், ஆல்டோ வரிசையில் நின்று பாடுவாள். இவ்வளவுதான் அத்தையைப் பற்றி எங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் என்னவோ இருக்கிறது என்று எங்களுக்கு எப்போதும் ஒரு எண்ணம் உண்டு.

பழைய படுக்கை விரிப்பில் சுற்றியிருந்ததை அவள் கட்டிலில் வைத்துப் பிரித்தாள். தலையிலிருந்து அடிவரைக்கும் ஜன்னலுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்ட். கழுத்து வில்லைப்போல லேசாக வளைந்திருந்தது. நான்கு கம்பிக்கு ஒரு கம்பிதான் மிச்சம், அதிலும் துரு.

"இத எங்கேருந்து எடுத்தட்டி?" என்றார் அப்பா.

"களியக்காவிளையில அண்ணா. ஆக்கர் கடையில பழைய ஃபேனுக்கு நடுவுல கெடந்து." ஆக்கர் கடை என்றால் எங்கள் பக்கத்தில் பழைய சாமான் கடை.

அத்தை விலையைச் சொன்னாள். அப்பாவின் முகம் இருண்டுவிட்டது. விலை அதிகமாக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். குறைவாக இருந்ததுதான் வினை.

"இந்த வெலைக்கு ஒரு நல்ல மம்பட்டி கிட்டாது. இது களவு மொதலு."

"ஜப்பான்ல செஞ்சதாக்கும். எனக்க வயசுக்கு மேல இருக்கும். கடைக்காரனுக்கு இது என்னன்னே தெரியல்ல."

"ஒண்ணும் தெரியாத ஆளா களியக்காவிளையில கடை வச்சிருக்கான்?"

கேரள எல்லையில் கடை வைத்திருப்பவன் ஒரு பொருளின் மதிப்புத் தெரியாமல் கொடுத்தான் என்று சொன்னால் எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைகூட நம்பாது. நானும் நம்பவில்லை.

அம்மாவின் யோசனை வேறு பக்கம் போனது. அவள் கிட்டாரைப் பார்க்கவே இல்லை, அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டு. இது ஆருக்கு?"

"எனக்குத்தான் மைனி."

"ஒனக்கா?"

"வாசிக்கதுக்கு. கொயர்ல பேஸ் வாசிச்ச பய்யன் துபாய்க்குப் போனதுலேருந்து பாட்டுக்கு அடியே இல்ல. நான் அவனுக்க ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துல நின்னுதானே இத்தன வருசமும் பாடுனேன். காலுக்கடியில தரை அதிரும். இப்ப அந்த எடத்துல நின்னா என்னவோ போல இருக்கு."

பாலிடெக்னிக் விடுதியில் ஒரு தோழியின் கிட்டாரில் வாசிக்கப் பழகினேன் என்றும் சொன்னாள். அது அன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று அப்பா அதையும் ஒரு பக்கம் குறித்துவைத்துக்கொண்டார்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. எல்லை தாண்டி வருகிற எதற்குள்ளும் இன்னொன்று ஒளிந்திருக்கும் என்பது எங்கள் பள்ளிக்கூடத்துப் பேச்சு. அத்தை குளிக்கப் போன நேரத்தில் கிட்டாரைத் தூக்கிக் குலுக்கினேன். உள்ளே ஏதோ உருண்டது. தங்கம்தான் என்று முடிவு செய்து அப்பாவிடம் ஓடினேன். அவர் ஒட்டுப்பால் பிளக்கிற கத்தியோடு வந்தார். அத்தை ஈரத் தலையோடு வந்து, கத்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு ஸ்குரு டிரைவரை எடுத்துப் பின்பக்க மூடியைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே அறுந்த வயர்கள், கழன்றுகிடந்த ஒரு நட்டு, செத்துப்போன ஒரு கரப்பான்பூச்சி. அப்பா விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றதும் அவர் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றும் இல்லாத பொருளை ஒருவன் ஏன் அந்த விலைக்குக் கொடுக்கிறான் என்கிற கேள்வி அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க அத்தை அந்தக் கிட்டாரோடுதான் இருந்தாள். பள்ளியிலிருந்து வந்ததும் வேலை தொடங்கிவிடும். பச்சைப் பெயிண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினாள். உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு, மரத்துக்கு நோகாதபடி தேய்த்தாள். அடியிலிருந்து வறுத்த முந்திரியின் நிறத்தில் ஒரு மரம் வெளியே வந்தது. கழுத்துக்குள் ஒரு இரும்புத் தண்டு ஓடுகிறதாம், அதை முறுக்கினால் வளைவு நிமிருமாம். அதன் முனையில் ஆலன் கீயை விட்டு ஒரு நாளைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப மாட்டாள். அவசரப்பட்டால் கழுத்து முறிந்துவிடும் என்றாள். அறுந்த வயர்களுக்கு ஈயம் வைத்தாள். வால்யூம் குமிழுக்கு ஒரு பழைய ரேடியோவின் குமிழ் பொருந்தியது. கம்பிகள் மட்டும் திருவனந்தபுரத்திலிருந்து வந்தன. திருவனந்தபுரத்துக்கு யாரோடு போனாள் என்று அம்மா என்னிடம் கேட்டாள். தனியாகத்தான் போனாள் என்றேன். "தனியாட்டா?" என்று அம்மா கேட்ட தொனியில், யாரோடாவது போயிருந்தாலே தேவலாம் என்று எனக்குத் தோன்றியது.

அத்தையின் அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்படி அம்மா என்னை அனுப்புவாள். எதற்கு அனுப்புகிறாள் என்று எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அத்தை எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, விளக்கை என் பக்கம் திருப்பிவைப்பாள். எனக்கு அவள்மேல் பாசம் உண்டு. பாசம் வேறு, நம்பிக்கை வேறு என்பதை எங்கள் வீட்டில் சோறு ஊட்டும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

கம்பி போட்ட அன்று ஒரு விஷயம் நடந்தது. பேஸ் கிட்டாரைப் பெட்டியில் செருகாமல் வாசித்தால் சத்தமே கேட்காது. பெட்டி ஆலயத்தில் இருந்தது. அத்தை கிட்டாரை மாட்டிக்கொண்டு மர அலமாரியின் பக்கத்தில் போய் நின்றாள். கிட்டாரின் நுனியை அலமாரிக் கதவில் அழுத்தி, தன் காதையும் கதவில் ஒட்டிவைத்துக்கொண்டு, தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினாள். அலமாரி முழுக்க உறுமியது. உள்ளே இருந்த பீங்கான் தட்டுகள் நடுங்கின. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி தட்டினாள், மறுபடி. அவள் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை. பயமாகக்கூட இருந்தது.

நான் போய் அம்மாவிடம், அத்தை அலமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறாள் என்று சொன்னேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"ஆராவது ஒருத்தன் மனசுல இல்லாம ஒரு பெண்ணு அலமாரியக் கெட்டிப்பிடிப்பாளா?" என்று அன்று அப்பாவிடம் கேட்டாள். அப்பாவுக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஆள் யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கொயர் மாஸ்டர். கீபோர்டு வாசிப்பவர், கல்யாணம் ஆகாதவர், அத்தையைவிட வயதில் சின்னவர். அவர்தான் வருகிற அறுப்பின் பண்டிகை ஆராதனையில் அத்தை வாசிக்கட்டும் என்று சொல்லியிருந்தார். எங்கள் ஆலயத்தில் அதுவரை ஒரு பெண் பேஸ் வாசித்ததில்லை. அத்தை அந்த நாளை நினைத்து இட்லியைக்கூட நின்றுகொண்டே தின்றாள். அவள் விரல் நுனிகள் எல்லாம் காய்த்துவிட்டன. அம்மா அவள் சந்தோஷத்தைத் தினமும் கவனித்துவந்தாள். ஒரு பாட்டுக்காக ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட மாட்டாள் என்பது அம்மாவின் கணக்கு.

அறுப்பின் பண்டிகை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்று சபையார் தங்கள் விளைச்சலில் முதலில் வந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். வாழைக்குலை, பலாப்பழம், மரச்சீனிக் கிழங்கு, கால் கட்டிய சேவல், ரப்பர் ஷீட் எல்லாம் வரும். போதகர் அவற்றின்மேல் ஜெபம் பண்ணிவிட்டால் அவை ஆண்டவருடையவை. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஒரு தேங்காய்க்கு ரெண்டு குடும்பங்கள் மல்லுக்கட்டி, ஒரு மூட்டைத் தேங்காயின் விலைக்கு ஏற்றுவதும் நடக்கும். வைத்ததைத் திருப்பி எடுப்பது மட்டும் கிடையாது. வேண்டுமானால் நாமே ஏலத்தில் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் கொடுத்த சேவலை நாங்களே ஏலத்தில் எடுத்துக் கறிவைத்த வருடமும் உண்டு.

அன்று காலையில் அத்தை ஒத்திகைக்காக முன்னாலேயே போய்விட்டாள். மழை தூறியதால் கிட்டாரை அப்பா வருகிற ஆட்டோவில் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். ஆட்டோவில் ஒரு பலாப்பழம், ஒரு செந்துளுவன் வாழைக்குலை, அப்பா, நான், என் மடியில் கிட்டார். ஆலயத்து வாசலில் கோயில்பிள்ளை, அதாவது மணியடித்து ஆலயத்தைக் கவனித்துக்கொள்பவர், குடை பிடித்துக்கொண்டு காணிக்கைகளை இறக்கிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு யாரோ ரப்பர் விலை கேட்டுக் குரல் கொடுத்தார்கள். "எல்லாத்தையும் எடுத்து உள்ள வையும் ஓய்" என்று சொல்லிவிட்டு அப்பா அந்தப் பக்கம் போய்விட்டார். கோயில்பிள்ளை எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்தார்.

மணி அடித்துப் பாடகர் குழு வரிசையாக உள்ளே வந்தபோதுதான் அத்தை பார்த்தாள். பீடத்துக்கு முன்னால், வாழைக்குலைகளுக்கும் பூசணிக்காய்களுக்கும் நடுவில், அவள் கிட்டார் பலாப்பழத்தில் சாய்ந்து நின்றது. ஒரு அடி முன்னால் வைத்தாள். அதற்குள் போதகர் கையை உயர்த்தி ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தவர், கிட்டாரைப் பார்த்து உருகிப்போனார்.

"நம் சபையின் சகோதரி ஒருவர், தம் கையால் பழுதுபார்த்த இசைக்கருவியையே முதற்பலனாகக் கர்த்தருக்குப் படைத்திருக்கிறார்."

சபை முழுவதும் திரும்பி அத்தையைப் பார்த்தது. அத்தை என்ன செய்வாள்? சிரித்தாள். அன்று அவர்கள் பேஸ் இல்லாமலே பாடினார்கள்.

ஆராதனை முடிந்து முற்றத்துக்கு வந்ததும் அத்தை நேராக அப்பாவிடம் வந்தாள். "அண்ணா, எப்படியாவது எடுத்துத் தந்திரணும். சம்பளத்துல தந்திருவேன்."

"நான் எடுக்கேன், நீ போ" என்றார் அப்பா. உண்மையிலேயே எடுக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். எங்கள் சபையில் பெண்கள் ஏலம் கேட்கிற வழக்கமில்லை. கேட்கக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. அத்தை போய்ப் பெண்களோடு நின்றுகொண்டாள்.

சேவல்களும் குலைகளும் போனபின் கிட்டாரைத் தூக்கினார்கள். அப்பா முதலில் கேட்டார். விடுமுறைக்கு வந்திருந்த ஒரு குவைத்காரர் கொஞ்சம் ஏற்றினார். அவர் அன்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டிருந்தார். அப்பா மேலே போனார். அப்போது கொயர் மாஸ்டர் கையைத் தூக்கினார்.

அம்மா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். "பாத்தியளா? நான் சென்னப்போ நம்பல்லியே. அவனுக்கு எதுக்கு இது?"

அப்பா மறுபடி ஏற்றினார். மாஸ்டரும் விடவில்லை. குவைத்காரரும் விடவில்லை. மாஸ்டர் ஒருமுறை அத்தை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அது போதுமானதாக இருந்தது. சந்தையில் அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிராளி ஒரு சரக்குக்கு ஏன் பறக்கிறான் என்று புரியாவிட்டால், பாதியில் கேட்பதை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மனதில் இருப்பது முகத்தில் வந்துவிடும் என்பார். அன்றும் நிறுத்தினார். கையை இறக்கிவிட்டு, மாஸ்டரின் முகத்தை உற்றுப் பார்த்தார். மாஸ்டர் அப்பாவைப் பார்த்தார், குழம்பினார், அவரும் கையை இறக்கினார்.

"ஒரு தரம்" என்றார் ஏலம் போடுபவர், குவைத்காரரைக் காட்டி.

அப்பாவின் கண் மாஸ்டரின் முகத்தைவிட்டு அசையவில்லை. அம்மாவின் கண்ணும் அங்கேதான் இருந்தது. எனக்கும் அந்த முகத்தில் என்ன வருகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது.

"ரெண்டு தரம்."

"அண்ணா" என்று அத்தை கூப்பிட்டாள். முற்றம் முழுக்கக் கேட்டது. அப்பா திரும்பவில்லை.

"மூணு தரம்."

குவைத்காரர் கிட்டாரை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இது எத்தனை வாட்ஸ் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அப்பா சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய், கேட்ட விலையைத் தருகிறேன், திருப்பித் தாருங்கள் என்று கேட்டார். ஆண்டவருக்கு வைத்த பொருளை விற்றால் வீட்டுக்கு ஆகாது என்று அவர் மறுத்துவிட்டார். பிறகு வெகுநாள் அது அவர் முன்னறைச் சுவரில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

மறுநாள் கொயர் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முற்றத்திலேயே நின்றுகொண்டு பேசினார். "கொயர் பணத்துல எடுத்து அக்காட்ட குடுத்திரலாம்னுதான் அண்ணே கேட்டோம். நீங்க கைய எறக்குனப்போ, ஆண்டவருக்கு நேர்ச்சையா வச்சிருக்கியளாக்கும், வீட்டாளே விட்டபிறவு நாம எடுக்கப்பிடாதுன்னு நெனச்சு விட்டுட்டேன்."

அவர் போனதும் அம்மா, "அக்கான்னு கூப்பிட்டா மட்டும்?" என்று மெதுவாக ஆரம்பித்தாள். அத்தை உள்ளேயிருந்து வந்தாள். அவள் கண் வீங்கியிருந்தது.

"அவரு நீங்க விட்டதப் பாத்து விட்டாரு. நீங்க எதுக்கு அண்ணா விட்டிய?"

அப்பா என்னைப் பார்த்து, மழை வருகிறது, ஷீட்டை எடுத்து உள்ளே போடு என்றார். வானத்தில் மேகமே இல்லை. அத்தை உள்ளே போய்விட்டாள். உப்புத்தாளையும் ஆலன் கீயையும் ஒரு பையில் போட்டுத் தன் பள்ளிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். கொயருக்கும் அதன்பிறகு போகவில்லை. மாஸ்டரோடு ஏதும் இருக்கிறதா என்று அம்மா இன்னும் சிலகாலம் கவனித்துவிட்டு, அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனதும் சலித்துப்போய் விட்டுவிட்டாள்.

அடுத்ததாக ஒரு வரன் வந்தது. சிதறால் பக்கம் ஊர். பள்ளிக்கூடத்தில் கிளார்க். தலையில் முடி கொஞ்சம்தான். அச்சப்பத்தையும் முந்திரிக்கொத்தையும் நான்தான் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கம்போல அத்தை இவரையும் ஏதாவது சொல்லித் தட்டிவிடுவாள் என்று நாங்கள் நினைத்தோம். பெண்ணுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று மாப்பிள்ளையின் அக்கா சம்பிரதாயத்துக்குக் கேட்டுவைத்தாள். அத்தை தலை நிமிர்ந்து மாப்பிள்ளையையே நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"நான் எனக்குன்னு ஒரு சாமானம் வாங்கிட்டு வந்தா, எதுக்குன்னு கேப்பியளா?"

அவர் வாயில் இருந்த அச்சப்பத்தை அவசரமாக விழுங்கினார். ஏதோ பொறி என்று நினைத்து முழித்தார். கடைசியில், "ஒங்களுக்குன்னு வாங்குனா பின்ன நான் என்னத்துக்குக் கேக்கணும்?" என்றார்.

அத்தை எழுந்து உள்ளே வந்து, அப்பாவிடம் சம்மதம் என்று சொன்னாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் கேள்விக்குள் என்ன வைத்திருக்கிறாள் என்று அன்று முழுவதும் குசுகுசுத்தார்கள். எனக்கு அத்தையை நினைத்துச் சிரிப்பாக வந்தது. சம்பளம் கேட்கலாம், சொத்துக் கேட்கலாம், குடிப்பழக்கம் உண்டா என்று கேட்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, வீட்டில் இருப்பவர்கள் சாதாரணமாகக் கேட்கிற ஒரு கேள்வியைக் கேட்பாயா என்று கேட்டு, கேட்க மாட்டேன் என்றவனுக்குக் கழுத்தை நீட்டுகிறாளே, இவ்வளவு படித்தும் இவளுக்குப் புத்தி இல்லையே என்று நினைத்துக்கொண்டு மிச்சமிருந்த முந்திரிக்கொத்தைத் தின்றேன்.